நீதிபதி மாறினால் சட்டமும் மாறுமா? வட கரோலினாவின் தேர்தல் தீர்ப்புகள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 2024 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி பதவி ஒன்றுக்குத் தேர்தல் நடந்தது. 55 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். ஏற்கெனவே அந்தப் பதவியில் இருந்த ஆலிசன் ரிக்ஸ், ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர், 734 வாக்குகள் முன்னிலை பெற்றார். இரண்டு முறை மறு எண்ணிக்கை நடந்தும் அந்த முன்னிலை கலையவில்லை. ஆனாலும் வெற்றி பெற்றவராக அவர் பதவியேற்றது 2025 மே 13 அன்றுதான். இடைப்பட்ட ஆறு மாதங்களில், ஏறத்தாழ 65,000 பேர் போட்ட வாக்கு செல்லுமா என்ற கேள்வி தேர்தல் வாரியத்திலிருந்து மாநில நீதிமன்றங்களுக்கும் அங்கிருந்து கூட்டாட்சி நீதிமன்றத்துக்கும் அலைந்தது. அந்தப் பட்டியலில் ரிக்ஸின் பெற்றோர் பெயரும் இருந்தது.

ஒரு நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் அது. அதன் முடிவைச் சொல்லும்படி கேட்கப்பட்டவர்கள், அவரோடு ஒரே மேடையில் அமரும் மற்ற நீதிபதிகள். மாநில நீதிபதிகளும் தேர்தல் வழக்குகளும் அமெரிக்காவில் எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு எனக்குத் தெரியவில்லை.

தேர்தலுக்கு ஒரே ஆணையம், உயர் நீதிமன்றங்களுக்கு நியமிக்கப்பட்ட நீதிபதிகள் என்ற முறைக்குப் பழகிய நமக்கு அந்நாட்டு ஏற்பாடு விளங்கச் சற்றுப் பொறுமை வேண்டும். நாடு முழுவதற்கும் தேர்தல் நடத்தும் அமைப்பு அங்கே கிடையாது. ஜனாதிபதித் தேர்தல்கூட ஒவ்வொரு மாநிலமும் தானே இயற்றிய சட்டத்தின்படி, உள்ளூர் அலுவலர்களைக் கொண்டு நடத்துவதுதான். கூட்டாட்சி அரசியல் சாசனம் வாக்குரிமையை நேரடியாக வழங்குவதில்லை. நிறம், பால், வயது போன்ற காரணங்களால் அதை மறுக்கக் கூடாது என்று திருத்தங்கள் மூலம் தடுக்கிறது, அவ்வளவே. குடிமகனுக்கு வாக்குரிமை உண்டு என்று நேராக எழுதி வைத்திருப்பவை மாநிலங்களின் அரசியல் சாசனங்கள். அவற்றுக்குப் பொருள் சொல்லும் இறுதி அதிகாரம் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு உரியது. அந்த நீதிமன்றங்களின் நீதிபதிகள் 38 மாநிலங்களில் ஏதோ ஒரு கட்டத்தில் மக்களின் வாக்கைப் பெற்றாக வேண்டும்.

நீதிபதிகளைத் தேர்தலில் நிறுத்துவது என்ற யோசனை, நீதித்துறையைக் கட்சிகளுக்கு அடிமையாக்கப் பிறந்ததாக இன்று பலர் நினைக்கிறார்கள். வரலாறு வேறு மாதிரி. 1832இல் மிசிசிப்பி தன் நீதிபதிகள் அனைவரையும் மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று முடிவு செய்தது. 1846இல் நியூயார்க் அந்த வழிக்கு வந்ததும் மற்ற மாநிலங்கள் தொடர்ந்தன. சட்டமன்றங்களும் ஆளுநர்களும் தங்களுக்கு வேண்டியவர்களுக்கே நீதிபதிப் பதவியைக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. மக்களின் வாக்கால் வந்த நீதிபதி சட்டமன்றத்துக்குக் கடன்பட்டவராக இருக்க மாட்டார், அது இயற்றும் கெட்ட சட்டத்தைத் துணிந்து ரத்து செய்வார் என்பது அன்றைய சீர்திருத்தவாதிகளின் நம்பிக்கை. வட கரோலினாவுக்கு இதில் இன்னொரு பெருமையும் உண்டு. அரசியல் சாசனத்தை மீறும் சட்டம் செல்லாது என்று அந்த மாநிலத்து நீதிபதிகள் 1787லேயே தீர்ப்பளித்தார்கள். கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அதையே சொல்ல 1803 வரை ஆயிற்று.

இப்போது தொகுதி எல்லை வரைவதற்கு வருவோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் நாடாளுமன்றத் தொகுதிகளின் எல்லைகளை வரைவது பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றமே. வட கரோலினாவில் அந்தச் சட்டத்தை நிறுத்த ஆளுநருக்கு வீட்டோ அதிகாரமும் இல்லை. 2016இல் அங்கே வரைபடத்தைத் தயாரித்த குடியரசுக் கட்சிச் சட்டமன்றத் தலைவர்களில் ஒருவர் தன் நோக்கத்தை ஒளிக்கவே இல்லை. பதின்மூன்று தொகுதிகளில் பத்தைத் தம் கட்சிக்கு வைத்திருப்பதாகவும், பதினொன்று வைக்க வழி தெரியாததால்தான் பத்தோடு நிறுத்தியதாகவும் குழுக் கூட்டத்திலேயே சொன்னார். கட்சி பலத்தில் இரு தரப்பும் ஏறத்தாழ சமமாக நிற்கும் மாநிலம் அது.

அந்த வரைபடத்தை எதிர்த்த வழக்கில் 2019 ஜூன் 27 அன்று கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கட்சி ஆதாயத்துக்காகத் தொகுதிகளை வளைப்பது ஜனநாயகத்துக்குப் பொருந்தாதது என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் ஒப்புக்கொண்டார். ஆனால் எந்த அளவு வளைத்தால் தவறு என்று அளக்கக் கூட்டாட்சி நீதிபதிகளிடம் அளவுகோல் இல்லை, ஆகவே அந்த வழக்குகள் இனி இங்கே வர வேண்டாம் என்றார். மாநிலச் சட்டங்களும் மாநில அரசியல் சாசனங்களும் இருக்கின்றனவே என்றும் சுட்டிக்காட்டினார். வாக்காளர்களுக்கு எஞ்சிய ஒரே வாசல் மாநில நீதிமன்றம் என்று ஆனது.

அந்த வாசல் ஏற்கெனவே ஓர் இடத்தில் திறந்திருந்தது. 2018 ஜனவரியில் பென்சில்வேனியா மாநில உச்ச நீதிமன்றம், தேர்தல்கள் சுதந்திரமாகவும் சமமாகவும் இருக்க வேண்டும் என்ற தன் மாநில சாசனப் பிரிவை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு வரைபடத்தை ரத்து செய்திருந்தது. அந்தப் பழைய வரைபடத்தில், தொடர்ந்து மூன்று தேர்தல்களில் பதினெட்டு இடங்களில் பதின்மூன்று குடியரசுக் கட்சிக்கே போயின. 2012இல் மாநிலம் முழுவதும் சேர்த்து ஜனநாயகக் கட்சி கூடுதல் வாக்குகள் பெற்றும் அதற்கு ஐந்துதான் கிடைத்தன. நீதிமன்றம் புது வரைபடம் கொடுத்த பின் நடந்த முதல் தேர்தலில் ஆளுக்கு ஒன்பது. கோபமடைந்த சில சட்டமன்ற உறுப்பினர்கள் நீதிபதிகளைப் பதவி நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். அப்போது அதைக் கண்டித்துப் பேசியவர், அந்தத் தீர்ப்புக்கு உடன்படாத தலைமை நீதிபதி தாமஸ் சேலர். அவர் குடியரசுக் கட்சிக்காரர். தீர்ப்பு பிடிக்கவில்லை என்பதற்காகத் தீர்ப்பெழுதியவரை நீக்குவதா என்ற அவருடைய நிலைப்பாடு இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒன்று.

வட கரோலினாவில் 2022 பிப்ரவரி 4 அன்று அதே வாசல் திறந்தது. தேர்தல்கள் அனைத்தும் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்பது அந்த மாநிலத்தின் 1776ஆம் ஆண்டு சாசனத்திலிருந்தே வரும் கோட்பாடு. 1689ஆம் ஆண்டு ஆங்கிலேய உரிமைச் சட்டத்தில் அதன் வேர் இருக்கிறது. ஒரு கட்சியின் வாக்காளருக்கு மட்டும் எடை குறைத்துக் கொடுக்கும் வரைபடம் அந்தக் கோட்பாட்டை மீறுகிறது என்று மாநில உச்ச நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் சொன்னது. நால்வரும் ஜனநாயகக் கட்சியினர், எதிர்த்த மூவரும் குடியரசுக் கட்சியினர். நீதிமன்றம் ஏற்படுத்திய வரைபடத்தில் அவ்வாண்டு நவம்பரில் தேர்தல் நடந்து, பதினான்கு இடங்களும் ஏழு ஏழாகப் பிரிந்தன.

அதே நாளில் நீதிபதித் தேர்தலும் நடந்தது. குடியரசுக் கட்சியின் ரிச்சர்ட் டீட்ஸும் ட்ரே ஆலனும் வென்றார்கள். நீதிமன்றத்தில் 4-3 என்று இருந்தது 5-2 என்று திரும்பியது. புதியவர்கள் பதவியேற்றுச் சில வாரங்களே ஆன நிலையில் சட்டமன்றத் தலைவர்கள் மறுவிசாரணை மனு போட்டார்கள். 2023 பிப்ரவரியில் அது ஏற்கப்பட்டது. இது எவ்வளவு அபூர்வம் என்பதை எதிர்த்து எழுதிய நீதிபதி அனிதா ஏர்ல்ஸ் ஒரு கணக்கால் காட்டினார்: 1993 முதல் அந்த நீதிமன்றத்தில் 214 மறுவிசாரணை மனுக்கள் வந்திருந்தன, ஏற்கப்பட்டவை இரண்டு. 2023 ஏப்ரல் 28 அன்று தலைமை நீதிபதி பால் நியூபி எழுதிய 5-2 தீர்ப்பு முந்தையதைத் தூக்கி எறிந்தது. வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை நான்கு மாதங்களுக்கு முன் ரத்து செய்த தீர்ப்பும் அன்றே புரட்டப்பட்டது.

நியூபியின் தர்க்கத்தை அலட்சியமாக ஒதுக்க முடியாது. சாசனத்தில் சுதந்திரமான தேர்தல் என்று இருக்கிறது, ஆனால் ஒரு கட்சிக்கு எத்தனை இடம் கிடைத்தால் அது நியாயம் என்று எங்கே இருக்கிறது? அந்த அளவை நீதிபதிகளே கற்பித்துக்கொண்டால் அவர்கள் சட்டமன்றத்தின் வேலையைச் செய்யத் தொடங்குகிறார்கள். நேர்மையான ஒருவர் எடுக்கக்கூடிய நிலைப்பாடுதான் இது. ஏர்ல்ஸின் பக்கமும் அதே அளவு வலுவானது: வரைபடத்தால் பதவியில் இருப்பவர்களிடமே வரைபடத்தைத் திருத்தும் பொறுப்பை விட்டால் வாக்காளர் யாரிடம் போவார்? நான் ஏர்ல்ஸின் பக்கம். ஆனால் இந்த இரண்டில் எது சரி என்பதைவிட எனக்கு உறுத்துவது மறுவிசாரணைதான். சாசனத்தில் ஓர் எழுத்து மாறவில்லை. வழக்கின் உண்மைகளில் புதியது எதுவும் வெளிப்படவில்லை. பதினான்கு மாதத்தில் மாறியவை இரண்டு நாற்காலிகள் மட்டுமே. சட்டம் என்பது அன்றைய பெரும்பான்மையின் விருப்பமே என்று நினைக்க, இதைக் கண்ட வாக்காளருக்கு முழு உரிமை உண்டு.

இந்தத் திருப்பத்தில் இன்னொரு துயரமும் நடந்தது. முதல் தீர்ப்பை எதிர்த்துச் சட்டமன்றத் தலைவர்கள் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் போயிருந்தார்கள். நாடாளுமன்றத் தேர்தல் விதிகளை வகுக்கும் அதிகாரம் கூட்டாட்சி சாசனப்படி மாநிலச் சட்டமன்றத்துக்கே உரியது, மாநில நீதிமன்றம் அதில் தலையிட முடியாது என்பது அவர்கள் வாதம். 2023 ஜூன் 27 அன்று அந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் 6-3 என்று நிராகரித்தது. மாநில நீதிபதிகளின் அதிகாரம் காப்பாற்றப்பட்டது. ஆனால் அந்த அதிகாரத்தைக் கொண்டு வாக்காளரைக் காத்த தீர்ப்பு இரண்டு மாதம் முன்பே செத்துப்போயிருந்தது. சட்டமன்றம் புது வரைபடம் வரைந்தது. 2024 தேர்தலில் ஏழு ஏழாக இருந்தது பத்துக்கு நான்கு ஆயிற்று. அதே தேர்தலில் அதே மக்கள் ஜனநாயகக் கட்சியின் ஜாஷ் ஸ்டைனை ஆளுநராகப் பெரும் வித்தியாசத்தில் தேர்ந்தெடுத்தார்கள்.

வட கரோலினாவை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. விஸ்கான்சினில் வாக்குச்சீட்டு இடும் பெட்டிகளைப் பொது இடங்களில் வைக்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் 4-3 என்று சொன்னது. 2023 ஏப்ரலில் நடந்த நீதிபதித் தேர்தலில் ஜேனட் புரோட்டசேவிச் வென்று, ஜனநாயகக் கட்சி ஆதரிக்கும் லிபரல் தரப்புக்குப் பெரும்பான்மை வந்தது. 2024 ஜூலையில் அதே நீதிமன்றம் அதே கேள்விக்கு 4-3 என்று எதிர்ப் பதில் சொன்னது. இங்கே பயன் அடைந்தது மறு தரப்பு, பிழை ஒன்றே. அந்த நீதிமன்றம்தான் 2023 டிசம்பரில் மாநிலச் சட்டமன்றத் தொகுதிகளையும் ரத்து செய்தது. அதன் விளைவை நான் வரவேற்கிறேன்: 2018இல் பெரும்பான்மை வாக்குகளைப் பெற்றும் ஜனநாயகக் கட்சிக்கு 99இல் 36 இடம்தான் கிடைத்த சபை அது. புது எல்லைகளில் 2024இல் 54-45 என்று வந்தது. ஆனால் அந்த எல்லைகள் நேர்மையற்றவை என்று பிரச்சார மேடையிலேயே சொல்லி வாக்குக் கேட்டவர் புரோட்டசேவிச். ஒரு வழக்கைப் பற்றி முன்பே கருத்துச் சொன்னவர் அதை விசாரிக்கலாமா என்று எதிர்த்தரப்பு கேட்டதில் பிழை இல்லை. வேட்பாளர்கள் சட்டப் பிரச்சினைகளில் தம் கருத்தைச் சொல்வதைத் தடுக்கக் கூடாது என்று 2002இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததிலிருந்து இத்தகைய பிரச்சாரம் சட்டப்படி செல்லும்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எண்களே போதும். 2023 விஸ்கான்சின் நீதிபதித் தேர்தலில் 5 கோடி டாலருக்கு மேல் செலவானது. 2025இல் லிபரல் தரப்பின் சூசன் கிராஃபோர்டும் கன்சர்வேட்டிவ் தரப்பின் பிராட் ஷிமலும் மோதிய தேர்தலில் அது 10 கோடி டாலரைத் தொட்டது. ஈலான் மஸ்கும் அவர் சார்ந்த குழுக்களும் ஷிமலுக்காக 2 கோடி டாலருக்கு மேல் இறைத்தும் கிராஃபோர்ட் பத்துச் சதவீத வித்தியாசத்தில் வென்றார். பணம் தோற்றது என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. வென்ற பக்கத்திலும் பல கோடி இருந்ததை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

இவ்வளவு கட்சி வண்ணம் பூசிய நீதிமன்றங்களிலும் ஓர் இடத்தில் கட்சி பின்வாங்கியிருக்கிறது. வாக்களிப்புக்கு முன் வரும் வழக்குகளையும் பின் வரும் வழக்குகளையும் பிரித்துப் பார்த்தால் அது புலப்படும். எல்லை எப்படி வரைவது, என்ன அட்டை காட்டுவது, பெட்டி எங்கே வைப்பது என்பவை முன்னதைச் சேர்ந்தவை. அவற்றில் நீதிபதியின் கட்சியைத் தெரிந்துகொண்டால் தீர்ப்பைப் பெரும்பாலும் ஊகிக்கலாம். போட்டு முடித்த வாக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்லும் வழக்குகள் பின்னதைச் சேர்ந்தவை. 2020 ஜனாதிபதித் தேர்தலுக்குப் பின் டொனால்ட் டிரம்ப் தரப்பு விஸ்கான்சினில் டேன், மில்வாக்கி ஆகிய இரண்டு கவுண்டிகளின் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளை நீக்கச் சொன்னது. மாநிலம் முழுவதிலும் வித்தியாசம் ஏறத்தாழ 20,700 மட்டுமே. கன்சர்வேட்டிவ் ஆதரவில் வென்று வந்த நீதிபதி பிரையன் ஹேகடோர்ன் லிபரல் நீதிபதிகள் மூவருடன் சேர்ந்து 4-3 என்று அதை நிராகரித்தார். அவர் காரணம் எளிமையானது: இந்த நடைமுறைகள் முன்பே தெரிந்தவை, ஆட்சேபம் இருந்தால் தேர்தலுக்கு முன் வந்திருக்க வேண்டும், அவற்றை நம்பி வாக்களித்தவரைப் பிறகு தண்டிக்க முடியாது.

2024இல் வட கரோலினாவில் ஆட்டம் கண்டது இந்த விதிதான். தோற்ற வேட்பாளர் ஜெஃபர்சன் கிரிஃபின் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி. அவர் எதிர்த்த வாக்காளர்களில் 60,000 பேரின் பதிவேட்டில் ஓட்டுநர் உரிம எண்ணோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கமோ இல்லை. காரணம் வாக்காளர் அல்ல. மாநிலத் தேர்தல் வாரியம் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திய விண்ணப்பப் படிவம் அந்தக் கட்டத்தை நிரப்புவது கட்டாயம் என்று தெளிவாகச் சொல்லவில்லை. எண்ணைக் கொடுத்தவர்கள் சிலருடையதும் தரவுத்தளத்தில் பொருந்தாமல் விடுபட்டிருந்தது. இன்னொரு பிரிவினர் வெளிநாட்டில் இருந்து வாக்களித்த படைவீரர்களும் குடிமக்களும், சுமார் 5,500 பேர். அவர்கள் அடையாள அட்டை நகலை இணைக்கத் தேவையில்லை என்று வாரியத்தின் விதியே சொல்லியிருந்தது. அவர்களை எதிர்த்த ஆட்சேபமும் ஜனநாயகக் கட்சி வலுவாக இருக்கும் கவுண்டிகளை மட்டுமே குறிவைத்தது.

தேர்தல் வாரியம் மறுத்தது. கீழ் நீதிமன்றமும் மறுத்தது. 2025 ஏப்ரல் 4 அன்று, கிரிஃபினின் சக நீதிபதிகள் அமர்ந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-1 என்று அவர் பக்கம் சாய்ந்தது. பதினைந்து வேலை நாட்களுக்குள் ஆவணம் கொடுக்காதவர் வாக்கு கழியும் என்றது. ஒரு வாரத்தில் மாநில உச்ச நீதிமன்றம் அதில் பாதியைத் திருத்தியது. 60,000 பேர் விஷயத்தில் தவறு வாரியத்துடையது, அதற்கு வாக்காளரைத் தண்டிக்கலாகாது என்று ஏகமனதாகச் சொன்னது. ஆனால் வெளிநாட்டு வாக்காளர்களுக்கு முப்பது நாள் கெடு வைத்தது. ஒரே வாரியத்தை ஒரே தேர்தலில் நம்பியவர்களில் ஒரு பிரிவினருக்கு ஒரு நியாயம், இன்னொரு பிரிவினருக்கு வேறு நியாயம். ரிக்ஸ் இதில் கலந்துகொள்ளவில்லை. ஏர்ல்ஸ் எதிர்த்ததை யாரும் எதிர்பார்த்திருக்கலாம். டீட்ஸும் எதிர்த்தார். 2023இல் வரைபடத் தீர்ப்பைப் புரட்டிய ஐவரில் ஒருவர் அவர். தேர்தல் முடிந்த பின் விதியை நீதிமன்றம் மாற்றினால் தோற்ற ஒவ்வொருவரும் நீதிமன்றம் வரத் தொடங்குவார்கள், மக்கள் தேர்தல் மீதே நம்பிக்கை இழப்பார்கள் என்று ஜனவரியிலிருந்தே அவர் எழுதி வந்தார். வரைபட வழக்கில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. இந்த எழுத்துகளுக்காக அவரை மதிக்கிறேன்.

கடைசியில் நிறுத்தியது கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம். 2025 மே 5 அன்று தலைமை மாவட்ட நீதிபதி ரிச்சர்ட் மையர்ஸ், டிரம்பால் நியமிக்கப்பட்டவர், மாநில நீதிமன்றங்களின் உத்தரவு வாக்காளரின் அரசியல் சாசன உரிமையை மீறுகிறது என்று தீர்ப்பளித்தார். விதிகளை ஆட்டத்துக்கு முன் வகுக்க வேண்டும், ஆட்டம் முடிந்த பின் மாற்றக் கூடாது என்பது அவர் சொன்னதன் சாரம். இரண்டு நாளில் கிரிஃபின் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

சேலர், ஹேகடோர்ன், டீட்ஸ், மையர்ஸ் ஆகிய நால்வரும் தம் தரப்புக்கு எதிராக ஒரு முக்கியமான தருணத்தில் நின்றவர்கள். மனிதர்களின் நேர்மையால் தப்பித்தோம் என்று ஆறுதல் கொள்ளலாம். எனக்கு அந்த ஆறுதல் போதவில்லை, ஏனென்றால் நேர்மையை அரிதாக்கும் ஏற்பாடுகளைச் சட்டமன்றங்கள் தெரிந்தே செய்கின்றன. வட கரோலினாவில் 2004 முதல் நீதிபதித் தேர்தல் கட்சிச் சின்னம் இன்றி நடந்தது. பிரச்சாரச் செலவுக்கு அரசு நிதியும் இருந்தது. 2013இல் நிதி போனது. 2016இல் ஜனநாயகக் கட்சியாளர் ஒருவர் வென்று நீதிமன்றப் பெரும்பான்மை மாறிய சில வாரங்களில், வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரை மீண்டும் அச்சிடச் சட்டம் வந்தது. ஒஹாயோவிலும் 2021இல் உச்ச நீதிமன்ற வேட்பாளர்களுக்குக் கட்சிப் பெயர் சேர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டு அங்கே குடியரசுக் கட்சியைச் சேர்ந்த தலைமை நீதிபதி மோரீன் ஓகானர் தன் கட்சியின் வரைபடங்களை ஏழு முறை ரத்து செய்த அணியில் இருந்தார். வரைந்தவர்கள் அசையவில்லை, ரத்தான வரைபடங்களில்தான் 2022 தேர்தல் நடந்தது. கட்சிப் பெயரால் வென்று, எட்டு ஆண்டு கழித்து அதே கட்சியின் முன்தேர்தலில் நிற்க வேண்டியவர் டீட்ஸைப் போல எழுதினால் அதற்கு விலை உண்டு. ஒரே ஒரு நீண்ட பதவிக்காலம், மறுபடி போட்டியிட அனுமதி இல்லை என்ற யோசனையைச் சட்ட அறிஞர்கள் பலர் முன்வைக்கிறார்கள். அதுவே எனக்கும் சரியாகப் படுகிறது. மக்களின் வாக்கால் வரும் கௌரவம் தங்கும், மறுதேர்தல் பயம் போகும்.

ரிக்ஸ்-கிரிஃபின் வழக்கின் வால் இன்னும் நீண்டது. ஆளுநரிடமிருந்த தேர்தல் வாரிய நியமன அதிகாரத்தைச் சட்டமன்றம் மாநிலத் தணிக்கையாளருக்கு மாற்றியது. 2025 மே மாதம் வாரியம் குடியரசுக் கட்சிப் பெரும்பான்மைக்குப் போனது. அந்தப் புதிய வாரியம் ஜூலையில் பதிவேட்டைச் சரிசெய்யும் பணியைத் தொடங்கி, எண் விடுபட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களிடம் அதைக் கேட்டது. ஓட்டுநர் உரிம எண் அல்லது நான்கு இலக்கம், ஒரு கையெழுத்து. அடுத்த பெரிய தேர்தலுக்கு ஓராண்டுக்கு மேல் இருந்தது. கிரிஃபினின் ஆட்சேபத்தில் பெயர் வந்தவர்களிடமும் இதே கேள்வியை 2024 நவம்பருக்கு முன் எந்த மாதத்திலும் கேட்டிருக்க முடியும். படிவத்தில் குறை இருப்பதாக 2023லேயே புகார் வந்து, வாரியம் படிவத்தைத் திருத்தியும்விட்டது. பழைய படிவத்தில் பதிந்தவர்களுக்கு மட்டும் யாரும் எழுதவில்லை.